வீட்டுக்குள் இருக்கும் நாய்க்கு என்ன வேலை கொடுக்கலாம்?

வெளியே அழைத்துச் செல்ல முடியாத நாட்களில் நாயை எப்படிச் சுறுசுறுப்பாக வைத்திருப்பது என்று கேட்டு வாசகர்கள் எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் கால்நடை மருத்துவர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு இரண்டு வயது. மழை விடாமல் பெய்யும் நாட்களில் கூடத்திலிருந்து படுக்கையறை வரை பந்தை எறிந்து, எடுத்துவரச் சொல்லி ஒரு மணி நேரம் ஓட விடுகிறேன். எனக்குத்தான் கை வலிக்கிறதே தவிர, அவன் ஓய்வதாக இல்லை. ஆட்டம் முடிந்ததும் மெத்தை உறையைக் கிழிக்கிறான். இன்னும் அதிக நேரம் ஓட விட வேண்டுமா?

பதில்: வேண்டாம். இப்போது ஓட விடும் நேரத்தையும் குறைத்துவிடுங்கள். இதே கேள்வியை வேறு வேறு சொற்களில் பலர் கேட்டிருப்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பந்தாட்டம், வேட்டையின் ஒரே ஒரு கட்டத்தை, அதாவது துரத்திப் பிடிக்கும் கட்டத்தை மட்டும், திரும்பத் திரும்பத் தூண்டுகிறது. மோப்பம் பிடித்துத் தேடுவது, கண்டுபிடிப்பது, கிழிப்பது, மென்று தின்பது என்று அதற்கு முன்னும் பின்னும் வரவேண்டிய கட்டங்கள் நடக்காமலே போவதால், ஐம்பதாவது முறை பந்து பறக்கும்போது நாய் களைத்திருக்கலாம், ஆனால் அடங்கியிருக்காது. நாள்தோறும் இப்படி ஓடும் நாய்க்குச் சில வாரங்களில் தாக்குப்பிடிக்கும் வலிமையும் கூடிவிடும். களைப்படையச் செய்ய நினைத்த விலங்கை ஓட்டப்பந்தயத்துக்குத் தயார் செய்துகொண்டிருக்கிறீர்கள். பந்தாட்டம் பாதியில் விட்ட வேட்டையைத்தான் அவன் மெத்தை உறையின் மேல் முடித்துக்கொள்கிறான் என்பது என் கணிப்பு. போதாக்குறைக்கு, வழுக்கும் தரையில் பாய்ந்து, சட்டென்று நின்று திரும்பும் ஒவ்வொரு முறையும் அவன் முழங்கால் இழுபடுகிறது. லாப்ரடார்களிடம் முழங்கால் தசைநார் கிழிவது அபூர்வமான நோயும் அல்ல.

காலுக்குப் பதிலாக மூக்குக்கு வேலை கொடுத்துப் பாருங்கள். மனித மூக்கில் மணத்தை உணரும் செல்கள் ஏறத்தாழ 50 லட்சம் என்றால், நாயின் மூக்கில் இனத்தைப் பொறுத்து அவை 10 கோடிக்கும் மேல். மோப்பம் பிடிக்கும் நாய் நொடிக்கு ஐந்தாறு முறை காற்றை உறிஞ்சுகிறது. பார்ப்பவர் கண்ணுக்கு அது மெதுவாக நடப்பதுபோலத் தெரிந்தாலும், உள்ளே மூளை முழுமூச்சாக உழைத்துக்கொண்டிருக்கிறது. ஷார்லட் டுரான்டன், அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் ஆகியோர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், 20 வளர்ப்பு நாய்களில் ஒரு பகுதி இரண்டு வாரம் மோப்பத் தேடலையும், மறுபகுதி உரிமையாளரின் காலை ஒட்டி நடக்கும் பயிற்சியையும் செய்தன. உள்ளே தின்பண்டம் இருக்குமா இருக்காதா என்று ஊகிக்க முடியாத இடத்தில் ஒரு கிண்ணத்தை வைத்தபோது, மோப்பத் தேடல் செய்த நாய்கள் முன்பைவிட விரைவாக அதை நோக்கிச் சென்றன. 'இருக்கும்' என்று நம்பிப் போகும் மனநிலை அவற்றுக்கு வந்திருந்தது. காலை ஒட்டி நடந்த நாய்களிடம் அந்த மாற்றம் தென்படவில்லை.

தேடலைக் கற்றுக்கொடுப்பது எளிது. அவனுடைய அன்றாட உலர் தீனியிலிருந்தே பத்து உருண்டைகளை எடுத்து, முதல் நாள் அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தரையில் பரப்பி, 'தேடு' என்று சொல்லி விடுங்கள். மறுநாள் நாற்காலிக் கால்களுக்குப் பின்னால் வையுங்கள். பிறகு அவனை வேறு அறையில் நிறுத்திவிட்டு, கதவு இடுக்கிலும் கட்டிலுக்கு அடியிலும் ஒளித்துவையுங்கள். இரண்டு வாரத்தில் முழங்கால் உயரத்தில் உள்ள அலமாரித் தட்டு வரை போகலாம். கைகாட்டி உதவாதீர்கள், கைகாட்டினால் அவன் மூக்கை விட்டுவிட்டு உங்கள் விரலையே பார்க்கக் கற்றுக்கொள்வான். மின்விசிறி சுழலும் அறையில் மணம் காற்றோடு நகர்ந்து எதிர் மூலையில் தங்கும் என்பதால், அவன் தீனி இல்லாத மூலையை முதலில் முகர்ந்தால் அதைத் தவறு என்று எண்ணிவிடாதீர்கள். மணத்தின் பாதையைப் பின்பற்றி அவனாகவே திரும்பி வருவான். பத்து அல்லது பதினைந்து நிமிடம் போதும். அதன் பிறகு மென்று தின்ன ஏதாவது கொடுத்துப் படுக்க விடுங்கள். வேட்டை முடிந்து, தின்று, உறங்கும் அந்த வரிசை நிறைவடைந்தால் மெத்தை உறை தப்பிக்கும்.

கேள்வி: நிறைய செலவு செய்து ஒரு புதிர்ப் பொம்மை வாங்கினோம். மூடியை நகர்த்தினால் தீனி வரும். எங்கள் நாய் இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு, எங்கள் முகத்தைப் பார்த்துக் குரைக்கிறது. அதற்கு அறிவு குறைவா?

பதில்: குரைத்தால் நீங்கள் திறந்துகொடுப்பீர்கள் என்பதைக் கண்டுபிடித்த நாயின் அறிவை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

பொம்மை கடினமாக இருக்கிறது, அவ்வளவுதான். மூடிகளை எல்லாம் கழற்றிவிட்டு, தீனி கண்ணுக்குத் தெரியும்படி வைத்து, ஒரு வாரம் எளிதாக வெல்ல விடுங்கள். பிறகு ஒரு மூடியைப் பாதி மூடுங்கள். இப்படி ஏற்றிக்கொண்டே போய், நாய் ஒரு நிமிடத்துக்குள் ஏதேனும் பலன் காணும் நிலையிலேயே எப்போதும் வைத்திருக்க வேண்டும். தேர்ச்சி பெற்ற பொம்மையில் ஆர்வம் குறைவதும் இயல்பே. ஐந்தாறு பொம்மைகளில் இரண்டை மட்டும் வெளியே வைத்து, மற்றவற்றைப் பெட்டிக்குள் வைத்துச் சில நாட்களுக்கு ஒருமுறை மாற்றினால், பழைய பொம்மைக்கும் புது மவுசு வரும். நாய்களின் கண் நீலத்தையும் மஞ்சளையும் நன்றாகப் பிரித்தறியும், சிவப்பையும் பச்சையையும் அவ்வாறு பிரித்தறியாது. அடுத்த பொம்மை வாங்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த பொம்மை வாங்கத்தான் வேண்டுமா என்பது வேறு விஷயம். பழைய துண்டை விரித்து, தீனியைத் தூவி, பாய்போலச் சுருட்டிக் கொடுத்தால் அது ஒரு புதிர். அட்டைப்பெட்டிக்குள் கசக்கிய காகிதங்களை நிரப்பி, இடையிடையே தீனியைப் போட்டால் அது இன்னொரு புதிர். அதைக் கிழித்துப் போடவும் அனுமதி உண்டு என்பதால் நாய்க்கு இரட்டிப்பு மகிழ்ச்சி. பெருக்குவது உங்கள் பங்கு. பெட்டியிலிருந்து ஒட்டுநாடாவையும் உலோகப் பின்களையும் முதலில் அகற்றிவிடுங்கள். துணியையோ அட்டையையோ விழுங்கும் பழக்கம் உள்ள நாய்க்கு இவை இரண்டுமே கூடாது, ஏனெனில் குடலில் சிக்கிய துணியை அறுவை சிகிச்சை செய்து எடுக்க நேரிடும். வீட்டில் இரண்டு நாய்கள் இருந்தால் தனித்தனி அறைகளில் கொடுங்கள். ரப்பர் பொம்மைக்குள் நிலக்கடலைப் பசை தடவுபவர்கள், புட்டியின் மேல் உள்ள சேர்மானப் பட்டியலைப் படித்து, சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். சிறிதளவு சைலிட்டாலும் நாயின் இரத்தச் சர்க்கரையை அபாயகரமாக வீழ்த்திவிடும்.

புதிருக்குள் போகும் தீனி அன்றைய அளவிலிருந்து கழிக்கப்பட வேண்டும். தனியாகக் கொடுக்கும் தின்பண்டங்கள் மொத்த உணவின் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கயிற்றை நாய் ஒரு முனையிலும் நான் ஒரு முனையிலும் பிடித்து இழுத்து விளையாடுவோம். இதில் நாயை ஜெயிக்க விட்டால் அது நம்மை அடக்கி ஆளத் தொடங்கும், மூர்க்கமாகிவிடும் என்று மாமனார் சொல்கிறார். உண்மையா?

பதில்: உங்கள் மாமனார் சொல்வது நெடுங்காலமாக நாய் வளர்ப்போரிடையே உலவும் கருத்து. நிக்கோலா ரூனி, ஜான் பிராட்ஷா ஆகியோர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் 14 கோல்டன் ரெட்ரீவர் நாய்களுடன் இந்தக் கயிறிழுக்கும் ஆட்டத்தை ஆடி, சில முறை அவற்றை வெல்ல விட்டும் சில முறை தோற்கடித்தும் பார்த்தார்கள். வெற்றி தோல்வியால் நாய்கள் மனிதரை அடக்கும் போக்கில் எந்த மாற்றமும் ஏற்படவில்லை. என் அனுபவத்திலும், அவ்வப்போது ஜெயிக்கும் நாய்தான் கயிற்றைத் தானே கொண்டுவந்து கையில் கொடுக்கும். எப்போதும் தோற்கும் ஆட்டத்தில் யாருக்குத்தான் ஆர்வம் இருக்கும்?

விதிகள் மட்டும் வேண்டும். 'விடு' என்றால் விட வேண்டும். அதைத் தின்பண்டம் காட்டி, முன்கூட்டியே கற்றுக்கொடுங்கள். பல் உங்கள் கையில் பட்டால் அரை நிமிடம் ஆட்டம் நின்றுபோக வேண்டும். உறுமல் கேட்டால் அஞ்ச வேண்டாம், உடல் தளர்வாகவும் பின்பகுதி ஆடியபடியும் இருந்தால் அது விளையாட்டு உறுமல்தான். உடல் விறைத்து, கண் நிலைகுத்தி நின்றால் நிறுத்திவிடுங்கள். கயிற்றைத் தரைமட்டத்திலேயே, பக்கவாட்டில் இழுங்கள். மேலே தூக்கி இழுத்தால் நாயின் கழுத்தெலும்புகள் வருந்தும். பால்பற்கள் விழுந்துகொண்டிருக்கும் குட்டிகளிடம் நீங்கள் இழுக்கவே வேண்டாம், குட்டியை இழுக்க விட்டால் போதும்.

கேள்வி: லேசர் ஒளிப்புள்ளியைச் சுவரில் ஓட்டினால் எங்கள் நாய் பைத்தியமாகத் துரத்துகிறது. உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆட்டம் காட்ட முடிகிறது. தொடரலாமா?

பதில்: இன்றே நிறுத்திவிடுங்கள். ஒளிப்புள்ளியைப் பிடிக்க முடியாது, கடிக்க முடியாது, அதற்கு மணமும் இல்லை. முடிவே இல்லாத இந்தத் துரத்தலால் சில நாய்கள், லேசர் இல்லாத நேரத்திலும் சுவரில் விழும் நிழலையும் கைக்கடிகாரத்தின் பிரதிபலிப்பையும் மணிக்கணக்கில் வெறித்துப் பார்க்கத் தொடங்குகின்றன. இந்தக் கட்டாயப் பழக்கம் வேரூன்றிவிட்டால் நீக்குவது மிகக் கடினம். 'பைத்தியமாக' என்று நீங்கள் எழுதிய சொல்லே எனக்குக் கவலை தருகிறது. துரத்தும் ஆட்டம்தான் வேண்டும் என்றால், ஒரு கோலின் நுனியில் கயிறு கட்டி, அதில் துணிப்பொம்மையைத் தொங்கவிட்டு, தரைவிரிப்பின் மேல் மெதுவாக இழுங்கள், கடைசியில் அதைப் பிடித்து உலுக்க விடுங்கள்.

கேள்வி: நான் வேலைக்குப் போகும்போது நாய்க்குப் பொழுதுபோகட்டும் என்று தொலைக்காட்சியை ஓட விட்டு, தின்பண்டம் நிரப்பிய பொம்மையையும் வைத்துவிட்டுப் போகிறேன். திரும்பி வரும்போது கதவின் கீழ்ப்பகுதி முழுக்க நகக்கீறல். பொம்மை அப்படியே கிடக்கிறது. வேறு என்ன விளையாட்டுப் பொருள் வாங்கலாம்?

பதில்: எதுவும் வாங்காதீர்கள். உங்கள் கடிதத்தில் உள்ள முக்கியமான செய்தி, பொம்மை அப்படியே கிடக்கிறது என்பதுதான். சலிப்படைந்த நாய் தின்பண்டத்தை முதலில் முடித்துவிட்டுத்தான் செருப்பைத் தேடும். நீங்கள் இருக்கும்போது விரும்பித் தின்பதை, நீங்கள் போனபின் தொடாமல் விட்டு, வெளியேறும் வழியையே சுரண்டும் நாய் பொழுதுபோகாமல் அதைச் செய்யவில்லை, பீதியால் செய்கிறது. தனிமையில் ஏற்படும் இந்தப் பதற்றத்துக்கு விளையாட்டுப் பொருள் மருந்தாகாது.

கைப்பேசியை ஓர் அலமாரியின் மேல் வைத்து, நீங்கள் கிளம்பிய பின் முதல் அரை மணி நேரத்தைப் பதிவு செய்யுங்கள். இந்தப் பீதி பெரும்பாலும் அந்த அரை மணிக்குள்ளேயே வெளிப்பட்டுவிடும். மூச்சிரைப்பு, எச்சில் வழிதல், ஓலம், கதவுக்கும் சன்னலுக்கும் இடையே ஓயாத நடை ஆகியவை தெரிந்தால், அந்தப் பதிவோடு கால்நடை மருத்துவரைப் பாருங்கள். சிகிச்சையின் முதுகெலும்பு, நாய் கலங்காமல் இருக்கும் அளவுக்கு மட்டும், தொடக்கத்தில் சில நொடிகளே ஆனாலும், பிரிந்து சென்று திரும்பி, அந்த நேரத்தைச் சிறிது சிறிதாக நீட்டுவது. அந்தப் பயிற்சி நடக்கும் வாரங்களில் நாயை முழுநாள் தனியே விடாமல் இருக்க உறவினர் உதவியையோ வேறு ஏற்பாட்டையோ நாட வேண்டியிருக்கும். சில நாய்களுக்கு ஃப்ளூவாக்செட்டின் அல்லது க்ளோமிப்ரமின் போன்ற மருந்தும் சேர்ந்தால்தான் பயிற்சி பலிக்கும். அதை மருத்துவர் முடிவு செய்வார்.

தொலைக்காட்சியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் கண்ணைவிட வேகமான ஒளித்துடிப்பையும் நாயின் கண் பிரித்தறியும் என்பதால், பழைய குழாய்த் திரைகளின் படம் அவற்றுக்கு மினுக்மினுக்கென்று தெரிந்திருக்கும். இன்றைய தட்டைத் திரைகளில் அந்தக் குறை இல்லை, சில நாய்கள் பார்க்கவும் செய்கின்றன. தெருச் சத்தத்தை மறைக்கும் மெல்லிய ஒலியாக அது பயன்படலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் நாய்க்குப் பன்னிரண்டு வயது. பெரும்பாலும் படுத்தே இருக்கிறது. வயதான ஜீவனைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிடலாமா, அல்லது ஏதாவது செய்ய வைக்க வேண்டுமா?

பதில்: முதலில் அதன் மூட்டுகளையும் பற்களையும் கண்களையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். 'வயதாகிவிட்டது' என்று வீட்டார் ஒதுக்கிவைக்கும் சோம்பலில் கணிசமான பங்கு வலிதான் என்பதை, வலி மருந்து தொடங்கிய சில நாட்களில் எழுந்து நடமாடும் நாய்களைப் பார்த்துப் பார்த்து உணர்ந்திருக்கிறேன்.

வலி இல்லையென்றால், கட்டாயம் செய்ய வையுங்கள். நார்ட்டன் மில்கிராம் குழுவினர் வயதான பீகிள் நாய்களை வைத்து நடத்தி 2005-இல் வெளியிட்ட நீண்டகால ஆய்வில், துணை நாய், பொம்மைகள், கூடுதல் நடை, மூளைப் பயிற்சி ஆகியவை கிடைத்த நாய்களின் கற்கும் திறன் மற்றவற்றைவிட நன்றாகக் காக்கப்பட்டிருந்தது. ஆக்சிசனேற்றத் தடுப்பு ஊட்டங்கள் நிறைந்த உணவும் சேர்ந்தபோது பலன் இன்னும் கூடியது. பார்வையும் செவியும் மங்கிய பிறகும் பெரும்பாலும் மூக்கு நெடுநாள் ஒத்துழைக்கும் என்பதால், முதல் பதிலில் சொன்ன தேடல் ஆட்டம் முதிய நாய்க்குப் பொருத்தமானது. அறையின் ஒரு பாதிக்குள், தரைமட்டத்திலேயே, வழுக்காத விரிப்பின் மேல், ஐந்து நிமிடம் ஆடினால் போதும். உறங்கும்போது எழுப்பாதீர்கள். இரவில் காரணமின்றி அலைவது, சுவரைப் பார்த்து நிற்பது, பழகிய வாசலில் தடுமாறுவது போன்றவை தெரிந்தால் அது முதுமை மறதியின் அறிகுறியாக இருக்கக்கூடும், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: நான்கு வயது நாய்க்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. எட்டு வாரம் ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கூண்டுக்குள் அது படும் பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை.

பதில்: கால் அசையாமல் தலை மட்டும் உழைக்கும் விளையாட்டுகள் உங்களுக்கு வேண்டும். நாயால் உலகத்திடம் போக முடியாது என்பதால், உலகத்தை அதனிடம் கொண்டுவாருங்கள்: வெளியே போய்வரும் ஒவ்வொருவரும் ஒரு காய்ந்த இலை, மரப்பட்டை, வேறொரு நாயை வருடிய கைக்குட்டை என்று எதையாவது கொண்டுவந்து, கூண்டின் கம்பிக்கு அருகே பிடித்து, அது விரும்பும்வரை முகர விடலாம். நக்குவது பல நாய்களை அமைதிப்படுத்தும் என்பதால், மேடுபள்ளங்கள் கொண்ட நக்குத்தட்டில் ஈரத் தீனியைத் தடவி உறைய வைத்துக் கொடுங்கள், கால் மணி நேரம் தாங்கும். தாடையை உங்கள் உள்ளங்கையில் வைத்து அசையாமல் இருக்கக் கற்றுக்கொடுத்தால், தையல் பிரிக்கும் நாளில் அந்தப் பயிற்சி உங்கள் மருத்துவருக்கே உதவும்.

பொருள்களின் பெயரைக் கற்றுக்கொடுப்பது இன்னும் சுவையானது. ஜான் பில்லி என்ற ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர், சேசர் என்ற பார்டர் கோலி நாய்க்கு மூன்று ஆண்டுகளில் 1,022 பொம்மைகளின் பெயரைக் கற்பித்து, அதை 2011-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். உங்கள் நாய் எட்டு வாரத்தில் மூன்று பெயர் கற்றாலும் போதும். ஒரு பொம்மையைக் காட்டிப் பெயர் சொல்லி, அதை மூக்கால் தொட்டவுடன் தீனி கொடுங்கள். அது உறுதியான பிறகே இரண்டாவது பொம்மையை அருகில் வையுங்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் ஒரே அமர்வில் வேண்டாம், நாளுக்கு நான்கைந்து முறை செய்யுங்கள். அசைவு குறைந்த இந்த வாரங்களில் உடல் எடை ஏறினால் முழங்காலுக்குத்தான் பாரம், ஆகவே மொத்தத் தீனியை எவ்வளவு குறைக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: இத்தனையும் வீட்டுக்குள்ளேயே செய்துவிட்டால் நடை தேவையில்லை அல்லவா?

பதில்: தேவை. மழை, நோய், கொளுத்தும் வெயில் ஆகியவற்றால் நடை தவறும் நாளுக்கு ஈடாகத்தான் இவற்றைச் சொல்கிறேன். பக், ஃபிரெஞ்சு புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்கள் மட்டும் வெப்பமான நாளில் வீட்டுக்குள் ஆடும்போதுகூட மூச்சுத் திணறிவிடும் என்பதால், குறட்டைபோலச் சத்தம் வந்த உடனே நிறுத்தி, குளிர்ச்சியான இடத்தில் படுக்க வையுங்கள்.

கேள்வி: நான்கு மாதக் குட்டி மாலை ஏழு மணி ஆனால் வெறிபிடித்தாற்போல வீட்டைச் சுற்றி ஓடுகிறது, காலைக் கடிக்கிறது. நாங்களும் விடாமல் விளையாட்டுக் காட்டுகிறோம். இன்னும் வெறி ஏறுகிறதே தவிர இறங்கவில்லை. என்ன விளையாட்டு குறைகிறது?

பதில்: விளையாட்டு குறையவில்லை, தூக்கம் குறைகிறது. இந்த வயதில் ஒரு நாளைக்குப் பதினெட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் உறங்க வேண்டிய குட்டி, வீட்டில் ஆள் நடமாட்டம் இருக்கும் நேரமெல்லாம் விழித்திருந்தால், மாலையில் தூக்கத்துக்கு அழும் குழந்தையைப் போலத்தான் நடந்துகொள்ளும். ஒரு மணி நேரம் விழித்திருந்தால் அடுத்த இரண்டு மணி நேரம் இருட்டான, சத்தமில்லாத மூலையில் உறங்க வையுங்கள். ஆறரை மணிக்கு மென்றுகொண்டிருக்க ஒரு பொம்மையைக் கொடுத்து, அதன் படுக்கையில் விட்டுவிட்டு, வீட்டில் உள்ள எல்லோரும் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். குழந்தைகளுக்கு இதை ஒரு முறைக்கு இரு முறை சொல்ல வேண்டியிருக்கும்.